உழைப்பும் வருவாயும்: ஜவளகிரி – ஓசூர் பகுதியில் கோடை வேலை முதல் ஓய்வுக்காலம் வரை

ஒருவர் தம் வாழ்நாளில் உழைத்து ஈட்டும் காலமும், ஈட்டியதைக் கொண்டு வாழ வேண்டிய காலமும் ஒன்றல்ல. ஏறத்தாழ 18 முதல் 58 அல்லது 60 வயது வரை வருவாய் வருகிறது. செலவு அதற்கு முன்னும் இருக்கிறது, பின்னும் தொடர்கிறது. இந்த இடைவெளியைச் சேமிப்பால் நிரப்புவதே மனிதர்களின் பொருளியல் நடத்தைக்கு அடிப்படை என்று பிராங்கோ மோடிகிலியானி, ரிச்சர்டு பிரம்பெர்க் ஆகிய பொருளியலாளர்கள் 1954 இல் விளக்கினர். இது வாழ்க்கைச் சுழற்சிக் கருதுகோள் எனப்படுகிறது. மோடிகிலியானிக்கு 1985 இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு கிடைத்தது.

இந்தக் கருத்து ஒரு எல்லையோரத் தொழிற்பகுதியில் எவ்வாறு செயல்படுகிறது, சட்டங்கள் தொழிலாளருக்கு எதைத் தருகின்றன, எந்த இடங்களில் பணம் கைநழுவுகிறது என்பவற்றை இக்கட்டுரை கிருட்டிணகிரி மாவட்டம் ஜவளகிரிப் பகுதியை முன்வைத்து விளக்குகிறது.

பகுதியின் பின்னணி

ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டி, காடு சூழ அமைந்த சிற்றூர். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் இப்பகுதியில் பேசப்படுகின்றன. கேழ்வரகும் காய்கறியும் முக்கியப் பயிர்கள். மல்பெரி வளர்ப்பும் மலர்ச் சாகுபடியும் சுற்றுவட்டாரத்தில் உண்டு. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் இப்பகுதிக்கு வருகின்றன.

இவ்வட்டாரத்தின் தொழில்மையம் ஓசூர். தமிழ்நாடு தொழில் முன்னேற்ற நிறுவனமான சிப்காட் 1971 இல் தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககாலத் தொழிற்பேட்டைகளுள் ஓசூரும் ஒன்று. 1980 ஐ ஒட்டி டி.வி.எஸ். இருசக்கர வாகன ஆலையும் அசோக் லேலண்ட் ஆலையும் இங்கு இயங்கத் தொடங்கின. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் இணைந்து 1984 இல் உருவாக்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகார ஆலையும் இங்கேயே அமைந்தது. அண்மைக் காலத்தில் ஓசூர் அருகே கைப்பேசி உதிரிபாக ஆலையும், போச்சம்பள்ளியில் மின்சார இருசக்கர வாகன ஆலையும் வந்துள்ளன. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருட்டிணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஓசூர் 2019 இல் மாநகராட்சியாக உயர்ந்தது.

எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, ஆனேக்கல், ஜிகினி, பொம்மசந்திரா என்று கர்நாடகத்தின் தொழிற்பகுதிகள் தொடர்கின்றன. ஆகவே இவ்வட்டார இளைஞர் ஒருவர் தம் பணிக்காலத்தில் இரு மாநிலங்களிலும் வேலை பார்ப்பது இயல்பானது. வருவாயைக் கையாள்வதில் இப்பகுதிக்கே உரிய சில சிக்கல்கள் இதிலிருந்து எழுகின்றன.

முதல் வேலை: கோடை விடுமுறை

மாவட்டத்தில் ஏப்ரல் தொடங்கி மாம்பழப் பருவம். மாங்காய் பறித்தல், மண்டியில் தரம் பிரித்தல், சுமை ஏற்றுதல், மாங்கூழ் ஆலைகளில் பழம் கழுவுதல் போன்ற வேலைகள் இக்காலத்தில் பெருகும். புளி உடைத்துக் கொட்டை எடுத்தல், தக்காளி பறித்தல், பசுமைக்குடிலில் ரோஜா கொய்து கட்டுதல் ஆகியவையும் விடுமுறைக் காலத்தில் மாணவர்களை ஈர்க்கும் வேலைகள்.

இதில் சட்டம் தெளிவான எல்லை வகுத்துள்ளது. 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரத்துக்குப் பின்னரோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது.

கோடை வேலையில் கிடைக்கும் தொகை சிறியது. ஆனால் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை ஒருவர் முதன்முதலில் அறிவது இங்கேதான். நாள் கூலி, கூடைக்கு இவ்வளவு என்ற கணக்கு, மொத்தக் குத்தகை ஆகிய மூன்றும் வேறுவேறு. கூடைக் கணக்கில் வேகமாக உழைப்பவர் கூடுதலாகப் பெறுவார். ஆனால் மழை வந்து வேலை நின்றால் அந்த இழப்பும் அவருடையதே. நாள் கூலியில் அந்த இழப்பு உரிமையாளரைச் சேரும். வேலைக்குச் சேருமுன் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்வதும், வேலை செய்த நாள்களைத் தனியே ஒரு ஏட்டில் குறித்து வைப்பதும் பின்னாளில் பெரிய ஆலையில் சேர்ந்தாலும் பயன்படும் பழக்கங்கள்.

முதல் கூலியை வங்கியில் இடவும் வழி உண்டு. 10 வயது நிறைந்த சிறார் தாமே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2014 இல் அறிவித்தது.

தொழிற்பழகுநர் காலம்

ஐ.டி.ஐ. அல்லது பட்டயப் படிப்பு முடித்தவர்கள் பெரும்பாலும் தொழிற்பழகுநராகவே ஆலைக்குள் நுழைகின்றனர். இதற்குரிய சட்டம் 1961 ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். இந்நிலையில் அறிய வேண்டியவை:

- தொழிற்பழகுநர் பெறுவது ஊதியம் அன்று, உதவித்தொகை.
- அவருக்கு வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ. காப்பீடும் பொருந்தா.
- பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு.
- ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கூறப்படாவிட்டால், பயிற்சி முடிந்ததும் அந்நிறுவனம் வேலை தரவேண்டிய கட்டாயம் இல்லை.

இக்காலத்தின் உண்மையான பலன் முடிவில் கிடைக்கும் சான்றிதழும் கைத்திறனும்தான். 'டிரெய்னி' என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் ஒரே இயந்திரத்தில் முழு உற்பத்தி வேலை வாங்கப்பட்டு, பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் போனால், அங்கு சான்றிதழும் இல்லை, வைப்பு நிதியும் இல்லை. எனவே பயிற்சி ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகியுள்ளதா என்பதைத் தொடக்கத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஊதியச் சீட்டைப் படித்தல்

நிரந்தரத் தொழிலாளியோ ஒப்பந்தத் தொழிலாளியோ, மாதந்தோறும் பெறும் ஊதியச் சீட்டு அவருடைய முக்கியமான பொருளியல் ஆவணம். கையில் வரும் தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை எறிந்துவிடுவோர் பலர். அதில் உள்ள பிடித்தங்களே முதுமைக்கும் நோய்க்கும் உரிய பாதுகாப்பு.

வருங்கால வைப்பு நிதி: 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். தொழிலாளி தம் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி ஆகியவற்றில் 12 விழுக்காடு செலுத்துகிறார். நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது. நிறுவனத்தின் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்கும் 3.67 விழுக்காடு வைப்பு நிதிக்கும் போகிறது. ஓய்வூதியப் பங்குக்கான ஊதிய வரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய்.

இ.எஸ்.ஐ.: 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த காப்பீடு. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குரியது. 2019 சூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. 18,000 ரூபாய் ஊதியம் பெறுபவரிடம் பிடிக்கப்படுவது 135 ரூபாய். இதற்கு ஈடாகத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவமும், தகுதிக் காலம் நிறைந்தவருக்கு நோய்க்கால ஊதிய ஈடும், மகப்பேற்றுக்கு 26 வாரப் பயனும், பணியிட விபத்துக்கு ஈடும் உண்டு.

தொழில் வரி: இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. கர்நாடகத்தில் மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. அங்கு 25,000 ரூபாய்க்குக் குறைவான மாத ஊதியத்துக்கு விலக்கு உண்டு.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 பழைய சட்டங்களை இவை தம்முள் அடக்குகின்றன. இவற்றின்படி, படிகள் என்ற பெயரில் விலக்கப்படும் தொகை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கருதப்படும். அடிப்படை ஊதியத்தை மிகக் குறைவாகக் காட்டி வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவற்றைச் சுருக்கும் வழக்கத்துக்கு இது ஒரு தடை.

ஒப்பந்தக்காரர் வழியாக வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. சீட்டில் பிடித்தம் காட்டப்பட்டிருந்தாலும் அது கணக்கில் சேர்ந்திருக்கும் என்று கொள்ள முடியாது. உறுப்பினர் கையேட்டை இணையத்திலோ கைப்பேசியிலோ மாதம் ஒருமுறை பார்ப்பதே உறுதியான வழி. ஒப்பந்தக்காரர் செலுத்தத் தவறினால் முதன்மை நிறுவனமே பொறுப்பு. எனவே அவர் ஊரைவிட்டுப் போய்விட்டாலும் உரிமை போய்விடாது.

எல்லை தாண்டும் வேலை மாற்றம்

ஓசூரில் மூன்று ஆண்டு, ஜிகினியில் இரண்டு ஆண்டு, மீண்டும் ஓசூரில் ஐந்து ஆண்டு என்று பணியாற்றுவது இப்பகுதியில் வழக்கமானது. மாநிலம் மாறினால் வைப்பு நிதியும் மாறிவிடும் என்ற எண்ணம் தவறு. வைப்பு நிதி மத்திய அமைப்பின் கீழ் உள்ளது. 2014 முதல் ஒவ்வோர் உறுப்பினருக்கும் நாடு முழுதும் செல்லும் ஒரே பொதுக் கணக்கு எண் வழங்கப்படுகிறது. யு.ஏ.என். எனப்படும் இந்த எண்ணைப் புதிய நிறுவனத்தில் கொடுத்து, பழைய கணக்கை மாற்றிக்கொண்டால் பணமும் பணிக்காலமும் சேர்ந்தே தொடரும்.

பணம் சேர்வதைவிடப் பணிக்காலம் சேர்வது முக்கியம். 1995 ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டப்படி மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். மேற்கண்ட தொழிலாளி மூன்று இடங்களையும் இணைத்திருந்தால் 10 ஆண்டு நிறைவடையும். ஒவ்வொரு முறையும் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்திருந்தால், 10 ஆண்டு உழைத்தும் அவருக்கு ஓய்வூதியம் இல்லை. இடையில் வேலையை விட்டு ஊரில் தங்குவோர், ஓய்வூதியப் பங்கை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் பெற்று வைத்தால் பழைய பணிக்காலம் அழியாமல் இருக்கும்.

நடைமுறையில் பலரைத் தடுப்பது பெயர்க் குழப்பம். ஆதாரில் தந்தை பெயர் விரிவாகவும், நிறுவனப் பதிவில் முதலெழுத்தாகவும் இருப்பது, பிறந்த தேதி மாறியிருப்பது போன்ற சிறு பிழைகள் கணக்கு மாற்றத்தை நிறுத்திவிடுகின்றன. வேலையில் இருக்கும்போது இவற்றைத் திருத்துவது எளிது. நிறுவனம் மூடப்பட்ட பிறகு கடினம்.

இடையில் எடுத்தால் என்ன ஆகும்: ஒரு கணக்கு

அடிப்படை ஊதியம் 15,000 ரூபாய் என்று கொள்வோம். தொழிலாளியின் பங்கு 1,800, நிறுவனப் பங்கில் வைப்பு நிதிக்குப் போவது 550, ஆக மாதம் 2,350 ரூபாய் சேர்கிறது. ஊதியம் உயரவே இல்லை, வட்டி ஆண்டுக்கு 8 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால்:

- 35 ஆண்டுகள் தொடாமல் விட்டால் சேர்வது சுமார் 50 லட்சம் ரூபாய்.
- 10 ஆண்டு முடிவில் இருப்பது சுமார் 4.2 லட்சம். அதை முழுதும் எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினால், அடுத்த 25 ஆண்டில் சேர்வது சுமார் 21 லட்சம் மட்டுமே.

எடுத்தது 4.2 லட்சம், முடிவில் குறைந்தது 29 லட்சம். இளம் வயதில் சேர்ந்த தொகைக்கு வளரக் கிடைக்கும் காலம் அதிகம் என்பதே காரணம். விலைவாசியையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை உயர்ந்தால், 25 ஆண்டு கழித்து வரும் 29 லட்சத்தின் மதிப்பு எடுத்த நாளின் விலையில் ஏறத்தாழ 6.75 லட்சம்தான். அப்படிப் பார்த்தாலும் 4.2 லட்சத்தைவிட அது அதிகம்.

ஓய்வூதியமும் குறையும். சூத்திரம் எளியது: ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70 ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டு நிறைந்தவருக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேரும். 35 ஆண்டுக்கு மாதம் சுமார் 7,929 ரூபாய். ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டு 25 ஆண்டு மட்டும் நின்றால் சுமார் 5,786 ரூபாய்.

தொடர்பணி ஐந்து ஆண்டு நிறையும் முன் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் வரிப்பிடித்தமும் உண்டு. வேலை இழந்தவர் கணக்கை முழுதும் முடிப்பதற்கான காத்திருப்பை இரண்டு மாதத்திலிருந்து 12 மாதமாக நீட்டவும், பகுதியளவு எடுப்பதை எளிதாக்கவும், 25 விழுக்காட்டைக் குறைந்த இருப்பாக வைக்கவும் வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்தது.

கடன், நகை, சீட்டு

25 முதல் 45 வயது வரையான காலத்தில் வருவாய் உயர்கிறது, கடமைகளும் கூடுகின்றன. தங்கை திருமணம், பெற்றோர் மருத்துவம், வீடு, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் ஆகியவை ஒரே நேரத்தில் வருவது உண்டு. இக்காலத்தில் சேமிப்பைவிடக் கடனின் விலையே குடும்பத்தின் நிலையைத் தீர்மானிக்கிறது.

'மூன்று வட்டி' என்று சொல்லப்படுவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 விழுக்காடு. ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய் வட்டி போகும், அசல் அப்படியே நிற்கும். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் வாங்கிய தொகைக்கு மேல் வட்டியே கட்டியாகிவிடும். கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தமிழ்நாடு அரசு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்துள்ளது. வாங்கிய முன்பணத்துக்காக ஒருவரை வேலையில் கட்டிவைப்பது 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். குவாரி, செங்கல் சூளை போன்ற இடங்களில் முன்பணம் வாங்குவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

கடன் தவிர்க்க முடியாதபோது மலிவானதை முதலில் நாடுவது பொது விதி. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன், மகளிர் குழுவின் உள்கடன், வைப்பு நிதியிலிருந்து பகுதி முன்பணம் ஆகியவை மூன்று வட்டிக் கடனைவிடப் பல மடங்கு மேலானவை. வைப்பு நிதியைத் தொடக்கூடாது என்பது பொது நெறிதான். ஆனால் 36 விழுக்காட்டு வட்டியைத் தவிர்க்க 8 விழுக்காடு வளரும் பணத்தில் ஒரு பகுதியை எடுப்பது கணக்கின்படி சரியே.

தமிழ்நாட்டில் அரசு ஆதரவுடனான மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989 இல் அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. இன்றைய கிருட்டிணகிரி மாவட்டம் அப்போது அதன் பகுதி. வாரம் ஒரு சிறு தொகை சேர்த்து, அதையே உறுப்பினருக்குக் கடனாகத் தரும் முறையை இவ்வட்டாரப் பெண்கள் முன்னரே கையாண்டுள்ளனர். ஏலச்சீட்டில் சேர்வோர், 1982 ஆம் ஆண்டின் சிட்பண்ட் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். பதிவில்லாத தீபாவளிச் சீட்டு, நகைச்சீட்டு நடத்துபவர் ஓடிப்போனால் பணத்தை மீட்பது அரிது.

பணிக்கொடை

ஒரே நிறுவனத்தில் நிலைத்து உழைத்ததற்குக் கிடைப்பது பணிக்கொடை. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஐந்து ஆண்டு தொடர்பணிக்குப் பின் உரிமையாக்கியது. கடைசி மாத ஊதியத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்க வேண்டும். கடைசி ஊதியம் 20,000, பணி 12 ஆண்டு எனில் கிடைப்பது சுமார் 1,38,460 ரூபாய். நான்கரை ஆண்டில் 1,000 ரூபாய் கூடுதல் ஊதியத்துக்காக வேறு ஆலைக்குப் போகுமுன் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது. புதிய சட்டத் தொகுப்பின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டுப் பணிக்கே பணிக்கொடை உரிமை உண்டு.

அமைப்புசாராத் தொழிலாளர்

பசுமைக்குடில், தோட்டம், கட்டடம், சிறு பட்டறை ஆகியவற்றில் உழைப்போர் பலருக்கு ஊதியச் சீட்டே இல்லை. இவர்களுக்கு உரிய வழிகள் வேறு. தமிழ்நாட்டில் 1982 ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தொழில்வாரியாக நலவாரியங்கள் உள்ளன. பதிவு செய்தவருக்குக் கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து உதவிகளும் 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. பதிவைக் காலத்தில் புதுப்பிக்காவிட்டால் உதவி கிடைக்காது.

மத்திய அரசின் பிரதமர் சிரம் யோகி மான்தன் திட்டம் 2019 இல் வந்தது. 18 முதல் 40 வயதுக்குள் சேர்பவர் வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் செலுத்தினால், 60 வயதிலிருந்து மாதம் 3,000 ரூபாய் பெறலாம். 2015 இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை தேர்ந்துகொள்ளலாம். இரண்டிலும் 40 வயதைத் தாண்டியவர் சேர முடியாது.

இங்கும் எல்லைச் சிக்கல் உண்டு. வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. போன்ற மத்தியத் திட்டங்கள் தொழிலாளியோடு எல்லையைத் தாண்டும். மாநில நலவாரியப் பதிவு தாண்டாது. ஆனேக்கலில் கட்டட வேலை செய்துகொண்டு தேன்கனிக்கோட்டை வட்டத்தில் குடியிருப்பவர், எந்த மாநில வாரியத்தில் பதிவு செய்வது என்பதை வேலைச் சான்று கிடைக்கும் இடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஓய்வுக்காலம்

வைப்பு நிதி ஓய்வூதியம் 58 வயதில் தொடங்குகிறது. 50 வயதுக்குப் பின் முன்கூட்டியே பெறலாம். ஆனால் முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும், அந்தக் குறைவு வாழ்நாள் முழுதும் நீடிக்கும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் 1,000 ரூபாய். விலைவாசிக்கு ஏற்ப இந்த ஓய்வூதியம் தானாக உயர்வதில்லை. ஆகையால் வைப்பு நிதியில் ஒருசேர வரும் தொகையே ஓய்வுக்காலத்தின் உண்மையான தாங்குதூண். அத்தொகையை முழுதும் வீட்டிலும் மகள் திருமணத்திலும் போட்டுவிட்டால், மாதச் செலவுக்குப் பிள்ளைகளை எதிர்நோக்க நேரும். ஒரு பகுதியையாவது அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டால் காலாண்டுக்கு ஒருமுறை வட்டி கிடைக்கும்.

அதிகம் அறியப்படாத ஒரு வசதி இ.எஸ்.ஐ.யில் உள்ளது. குறைந்தது ஐந்து ஆண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். முதுமையில் பெருஞ்செலவு மருத்துவம் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது.

வேறு வருவாய் இல்லாத முதியோருக்குத் தமிழ்நாடு அரசின் முதியோர் உதவித்தொகை உண்டு. இது 2023 இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஊரில் நிலம் இருப்பதால் ஓய்வுக்காலத்தைப் பற்றிக் கவலையில்லை என்று கருதுவோர் உண்டு. நிலம் உணவு தரும், மதிப்பும் உயரும். ஆனால் மழை பொய்த்தாலோ, அறுவடைக்கு நின்ற கேழ்வரகுக்குள் யானை புகுந்தாலோ அந்த ஆண்டின் பணம் இல்லை. வயது கூடும்போது இரவுக்காவலும் உழவும் உடலுக்கு ஆகாதவை ஆகின்றன. மாதந்தோறும் வரும் சிறு ஓய்வூதியம், விளைச்சல் தவறிய ஆண்டிலும் நிலத்தை அடகு வைக்காமல் காக்கிறது.

வயதுவாரியாக நினைவிற் கொள்ள வேண்டியவை

- 18 வயதுக்கு முன்: கூலிக் கணக்கை எழுதி வைத்தல், படிப்பை விடாதிருத்தல், சொந்த வங்கிக் கணக்கு.
- 18 முதல் 25: பயிற்சி ஒப்பந்தப் பதிவு, சான்றிதழ், ஒரே பொதுக் கணக்கு எண், ஆவணங்களில் ஒரே பெயர்.
- 25 முதல் 45: வேலை மாறும்போது வைப்பு நிதியை மாற்றுதல், அதிக வட்டிக் கடனைத் தவிர்த்தல். அமைப்புசாராதோர் 40 வயதுக்குள் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்தல்.
- 45 முதல் 58: 10 ஆண்டுப் பணி நிறைவைச் சரிபார்த்தல், வாரிசு நியமனத்தைப் புதுப்பித்தல், கடனை முடித்தல்.
- 58 க்குப் பின்: ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று, இ.எஸ்.ஐ. தொடர்ச்சி, மொத்தத் தொகையில் ஒரு பகுதியைத் தனக்கென வைத்தல்.

'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்பது பழமொழி. மாதம் 2,350 ரூபாய் 50 லட்சமாவது அந்தப் பழமொழியின் கணக்கு வடிவம். நூறுக்கு மூன்று வட்டி ஒரு குடும்பத்தின் நிலத்தைக் கரைப்பதும் அதே கணக்குதான்.